மூன்று நாள் ஒரு நாளானால்...?

"அண்ணாச்சி, நாளைக்குக் காலையில உங்களுக்கு டூட்டி உண்டா?"

தாராவியில் எங்கள் சந்தில் இட்லி வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர், ஓர் இரவு வந்து இப்படிக் கேட்டார். நெல்லைப் பக்கத்துக்காரர். விடியற்காலை நான்கு மணிக்குப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பதினோரு மணிக்குத்தான் திரும்புவார். அவர் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே சீட்டுக் கொடுப்பதோ காலையில்தான். அந்தப் பெண்ணுக்கு இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது.

எனக்கு மறுநாள் பிற்பகல் டூட்டி. ரயில்வே பார்சல் ஆபீசில் குப்பை கொட்டியதில் இரண்டு பாஷையும் ஒருமாதிரி வந்துவிட்டது. "சரி, உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன். தம்பி தலையைச் சொறிந்தார். "பொம்பளை சமாச்சாரம் அண்ணாச்சி. மதினிகிட்டே சொல்லியிருக்கா" என்றார்.

அந்தச் சமாச்சாரத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். பத்திரிகையில் இதையெல்லாம் ஓர் ஆண்பிள்ளை எழுதுவதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அன்று ஆஸ்பத்திரியில் நான் பட்ட பாட்டுக்குப் பிறகு எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது.

காதோடு காதாக

என் மனைவியும் கூட வந்தாள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு உள்ளே போனோம். மராட்டிக்கார லேடி டாக்டர், சின்ன வயது. எடுத்த எடுப்பில், "பாளி கித்தி திவஸ் அஸ்தே?" என்றார். மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கும் என்று கேள்வி.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னேன். அந்தப் பெண் என் மனைவியின் காதில் ஏதோ சொன்னாள். மனைவி என் காதில் சொன்னாள். நான் டாக்டரிடம் மராட்டியில் சொன்னேன். அடுத்த கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றுவாள்? மறுபடியும் அதே காதோட்டம். பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் பெண் எத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாள்?" என்று என்னைக் கேட்டார்.

இரண்டு வருஷமாக! கல்யாணமாகி ஐந்து வருஷம். ஊரில் இருந்தபோது மாதாமாதம் நான்கு நாள் ஒழுங்காக இருந்தது. பிறகு இரண்டு நாளாயிற்று, ஒரு நாளாயிற்று. இப்போது துணியில் கறை படுவதோடு சரி. எங்கள் பக்கத்தில் ஒரு டாக்டர், "ரத்தம் கம்மி" என்று சொல்லி ஒரு வருஷம் டானிக் கொடுத்திருக்கிறார். ஊரிலிருந்து மாமியார் போன் செய்யும்போதெல்லாம் ஒரே பேச்சு. எள்ளுருண்டை தின்றாயா, பப்பாளி தின்றாயா என்பதில் தொடங்கி, "ஏலே, வேற பொண்ணு பாக்கட்டுமா?" என்று மகனிடம் கேட்பதில் முடியும். அந்தப் பேச்சு பத்தடிக்குப் பத்தடி அறையில் அவள் காதிலும் விழும்.

எது குறைவு?

டாக்டர் அன்று சொன்னதையும், பிறகு நான் விடாமல் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். நான் பத்தாம் வகுப்புப் படித்தவன். வைத்தியம் எனக்குத் தெரியாது.

மாதவிலக்கில் போவது 'கெட்ட ரத்தம்' என்று நம் வீடுகளில் சொல்கிறார்கள். அது சரியாகப் போகாவிட்டால் உள்ளேயே தங்கி உடம்பைக் கெடுத்துவிடும், தலைக்கு ஏறிவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கர்ப்பப்பையின் உள்சுவரில் மாதந்தோறும் ஒரு மெத்தை போல சவ்வு வளர்கிறது. கரு வந்தால் தங்குவதற்காக. கரு வராவிட்டால் அந்தச் சவ்வு உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. மெத்தை தடிமனாக வளர்ந்தால் போக்கு அதிகம், மெல்லியதாக வளர்ந்தால் குறைவு. அவ்வளவுதான் கணக்கு.

ஒரு மாதவிலக்கில் போகும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி. அதாவது ஏழெட்டுத் தேக்கரண்டி! பார்ப்பதற்குத்தான் அதிகமாகத் தெரிகிறது. இரண்டு நாளில் முடிவதும் உண்டு, ஏழு நாள் போவதும் உண்டு. ஒரு பெண்ணுக்கு வயதுக்கு வந்த நாளிலிருந்தே இரண்டு நாள்தான், மாதம் தவறாமல் வருகிறது, வேறு தொந்தரவு இல்லை என்றால், அது அவள் உடம்பின் வழக்கம். அதற்கு மருந்து வேண்டியதில்லை. வயதுக்கு வந்த புதிதில் ஓரிரு வருஷம் முன்பின்னாக இருப்பதும், நாற்பத்தைந்தை நெருங்கும்போது குறைவதும் இயற்கை.

கவனிக்க வேண்டியது மாற்றத்தை. நான்கு நாள் இருந்தவளுக்கு ஒரு நாளாகி, அதுவே மாதக்கணக்கில் தொடர்ந்தால் காரணம் தேட வேண்டும்.

"ரத்தம் கம்மி, அதனால் போக்கும் கம்மி" என்பது காதுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நேர்க் கணக்கு அல்ல. நம் நாட்டில் 2019-21இல் எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருந்தது. அத்தனை பேருக்கும் மாதவிலக்கு குறைந்தா போயிற்று? உண்மையில் போக்கு அதிகமாகி அதனால் சோகை வருவதுதான் அதிகம். சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் டானிக் பாட்டிலை நம்பி ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டதுதான் இங்கே நடந்த தப்பு.

முதலில் பார்க்க வேண்டியது

கல்யாணமான பெண்ணுக்குத் தேதி தள்ளி லேசாகக் கறை பட்டால், அது மாதவிலக்காகவே இல்லாமல் இருக்கலாம். கர்ப்பத்தின் தொடக்கத்திலும் சிலருக்கு இப்படிக் கறை படும். மருந்துக் கடையில் கிடைக்கும் அட்டையில் சிறுநீரைச் சொட்டுவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கறையோடு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், தோள்பட்டையில் வலி என்றால் அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி வளர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். குழாய் வெடித்தால் உயிருக்கு ஆபத்து.

அடுத்து, குடும்பக் கட்டுப்பாடு. மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குப் போக்கு குறையும். சவ்வு மெல்லியதாக வளர்வதால் அப்படி; கெடுதல் இல்லை. 2017இலிருந்து அரசு மையங்களில் 'அந்தரா' என்ற ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு மாதவிலக்கு தாறுமாறாகும், குறையும், சிலருக்கு நின்றே போகும். ஊசியை நிறுத்திய பிறகு கரு தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் வீட்டில் கலவரம் இருக்காது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த 'சாயா' மாத்திரையிலும் தேதி தள்ளிப்போவது உண்டு. காப்பர்-டி நேர்மாறு, அதில் போக்கு அதிகமாகும். குழந்தை பெறாமலிருக்கச் செய்யும் ஆபரேஷனுக்கும் மாதவிலக்கு குறைவதற்கும் சம்பந்தமில்லை. குழாயைத்தான் கட்டுகிறார்கள், கர்ப்பப்பையைத் தொடுவதில்லை.

மற்றக் காரணங்களும் உண்டு. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்தால் உடம்பு இளைக்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், மாதவிலக்கும் குறையும். சூலகத்தில் நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு இரண்டு மாதம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். முகத்தில் ரோமம், பரு, எடை கூடுதல் இருக்கும். வயிற்றைக் கட்டிப் பட்டினி கிடந்து வேலை செய்பவர்களுக்கும் குறையும். மனநோய்க்கும் வாந்திக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளால்கூடக் குறைவது உண்டு. தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பில் பால் கசிந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிரசவத்தின்போது அளவுக்கு மீறி ரத்தம் போன தாய்மார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பின் மற்றச் சுரப்பிகளுக்கு அதுதான் மேஸ்திரி. ரத்தம் ஏராளமாகப் போனால் அந்தச் சுரப்பி பட்டினியில் வாடிவிடுகிறது. 1937இல் ஷீஹன் என்ற ஆங்கிலேய டாக்டர் இதை விளக்கினார், அவர் பெயரிலேயே நோயையும் சொல்கிறார்கள். பிள்ளைக்குப் பால் சுரக்காது. மாதவிலக்கு திரும்பாது, அல்லது பேருக்கு எட்டிப் பார்க்கும். ஓயாத அசதி, குளிர் தாங்காது, அக்குள் ரோமம் உதிரும். "பிள்ளை பெத்ததிலிருந்து சோம்பேறியாயிட்டா" என்று வீட்டில் வசவு விழும்! ரத்தப் பரிசோதனையில் தெரியும். மாத்திரை ஆயுசு முழுவதும் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் நடமாடலாம்.

கருச்சிதைவுக்குப் பிறகு, அல்லது நஞ்சுக்கொடித் துண்டு தங்கிவிட்டதென்று, கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். மும்பையில் 'சஃபாயி' என்கிறார்கள். சில பெண்களுக்கு அதன் பிறகு உள்சுவர்கள் புண்ணாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் மெத்தை வளராது, போக்கும் குறைந்துவிடும். கேமரா உள்ள குழாயை உள்ளே விட்டு ஒட்டை வெட்டிவிட முடியும். எனவே முன்பு எப்போதாவது 'சஃபாயி' நடந்திருந்தால் மறைக்கக்கூடாது. கணவனுக்குத் தெரியாமல் நடந்திருந்தால் அவனை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாம், டாக்டர்கள் தப்பாக நினைப்பதில்லை.

இருமல் இல்லாத காசநோய்

எங்கள் சந்துப் பெண்ணிடம் டாக்டர் கேட்ட ஒரு கேள்வி எனக்கு அப்போது புரியவில்லை. "வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?"

மாதவிலக்குக்கும் டி.பி.க்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். இந்த முறை அந்தப் பெண் காதில் சொல்லவில்லை, நேராகவே சொன்னாள். கணவனின் அண்ணன் அதே அறையில்தான் ஒரு வருஷம் தங்கியிருந்தாராம். அவருக்கு டி.பி. வந்து, மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அவளுக்கும் அப்போது ஒரு மாதம் இருமல். பிறகு தானே போய்விட்டது.

போகவில்லை. கிருமி நுரையீரலிலிருந்து ரத்தத்தின் வழியாகக் கருக்குழாய்களுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. இதற்கு ஒரு பெண் என்ன செய்ய முடியும்? சுவாசித்த காற்றில் வந்தது. குழாய்களைத் தின்ற பிறகு கர்ப்பப்பைக்கு இறங்குகிறது. மெத்தை வளர வேண்டிய சுவர் வடுவாகிவிடுகிறது. மாதவிலக்கு குறைகிறது, கரு தங்குவதில்லை. இருமல் இருக்காது, பல பேருக்குக் காய்ச்சலும் இருக்காது. நெஞ்சுப் படம் எடுத்தால் சுத்தமாக இருக்கலாம். குழந்தை இல்லை என்று சோதனைக்குப் போகிற அன்றைக்குத்தான் பல பெண்களுக்கு இது தெரியவருகிறது.

2023இல் உலகத்தில் புதிதாகக் காசநோய் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். வெயிலும் காற்றும் நுழையாத அறைகளில் எட்டுப் பேர் படுத்து எழும் நமக்கு இது ஊரார் கதை இல்லை. 'மலடி' என்று பெயர் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களில் எத்தனை பேருக்கு இந்தக் கிருமி இருந்ததோ, யார் சோதித்தார்கள்?

கர்ப்பப்பைச் சவ்வில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கிறார்கள். கிருமிகள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதால் ஒரே சோதனையில் சிக்காமலும் போகலாம். அப்போது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகக் குழாய்களைப் பார்ப்பார்கள். எங்கள் சந்துப் பெண்ணுக்கு இரண்டும் நடந்தன. மூன்று மாதம் அலைந்தோம். அதற்கு முன்னால் டாக்டர் கணவனையும் வரச் சொல்லி விந்துப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்றார். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது, ஒரு சின்னச் சோதனையில் முடிகிற விஷயம் என்று எடுத்துச் சொன்னதும் போனார். அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆறு மாத மருந்து

மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று வகை. அரசுத் திட்டத்தில் இலவசம். சத்துணவுக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் பணமும் வருகிறது. 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் கொண்டுபோக வேண்டும். மருந்து சாப்பிடத் தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். பயந்துபோய் நிறுத்திவிடக்கூடாது, அது மருந்தின் நிறம்தான். இந்த மருந்தால் கருத்தடை மாத்திரையின் பலம் குறைந்துவிடும் என்பதையும் கல்யாணமானவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோயாளியை வீட்டில் வைத்திருக்கலாமா என்று சந்தில் பேச்சு கிளம்பியது. நுரையீரலில் நோய் இல்லாதவரை இது இருமலால் பரவாது. நுரையீரல் நோயாளியே வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950களின் கடைசியில் உலகத்துக்கே காட்டியது நம் சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான். அதைச் சொல்லித்தான் அண்டை வீட்டார் வாயை அடைத்தேன்.

அந்தப் பெண் ஒரு நாள் விடாமல் ஆறு மாதமும் சாப்பிட்டாள். இளைத்த உடம்பு தேறியது. மாதவிலக்கு இப்போது இரண்டு நாள் இருக்கிறது. பழைய நான்கு நாள் திரும்பவில்லை. ஒரு குழாய் முழுக்க அடைபட்டுவிட்டது. இன்னொன்று ஓரளவுக்குத் திறந்திருக்கிறது. "குழந்தைக்கு வாய்ப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது என்றும் ஆசை காட்ட மாட்டேன். இரண்டு வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டும்" என்றார் டாக்டர். இதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. பார்சல் ஆபீசில் எத்தனையோ பேரிடம் "உங்கள் சாமான் வரவில்லை" என்று சொல்லியிருக்கிறேன். இது அப்படி இல்லை.

குழாய் கெட்டவர்களுக்குக் கரு குழாயிலேயே தங்கும் அபாயம் அதிகம். அதனால் தேதி தள்ளிப்போனால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

அன்று ராத்திரி ஊரிலிருந்து போன் வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். தம்பி சொன்னது காதில் விழுந்தது. "யம்மா, சீக்கு நம்ம வீட்டு ஆளுகிட்டேயிருந்துதான் அவளுக்கு வந்துது. இனிமே அந்தப் பேச்சை எடுக்காத."

காலண்டரில் ஒரு வட்டம்

டாக்டர்கள் முதலில் கேட்பது தேதி. கடைசியாக எப்போது வந்தது, அதற்கு முன்பு எப்போது, எத்தனை நாள். நம் பெண்கள் "அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னே" என்பார்கள். அதை நான் மராட்டியில் எப்படிச் சொல்வது! எல்லார் வீட்டிலும் மாதக் காலண்டர் தொங்குகிறது. வந்த நாளில் ஒரு வட்டம், நின்ற நாளில் ஒரு கோடு, எத்தனை துணி என்று பக்கத்தில் ஓர் எண். மூன்று மாதம் இப்படிக் குறித்து, அந்தத் தாள்களையே கிழித்து எடுத்துப் போகலாம். முன்பு சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையையும் பழைய கேஸ் பேப்பரையும் சேர்த்து எடுத்துப்போக வேண்டும்.

துணைக்கு ஆள் கிடைக்காதவர்கள் இந்த வார்த்தைகளைப் பாடம் பண்ணிக்கொள்ளலாம். மாதவிலக்குக்கு மராட்டியில் 'பாளி', இந்தியில் 'மாஹ்வாரி' அல்லது 'மஹீனா'. மும்பையில் 'எம்.சி.' என்றாலும் எல்லாருக்கும் புரியும். 'பாளி கமீ யேதே' என்றால் மாதவிலக்கு குறைவாக வருகிறது என்று பொருள். இந்தியில் 'மஹீனா கம் ஆதா ஹை'. 'போட் துக்தே' என்றால் வயிறு வலிக்கிறது. முன்னால் நான்கு நாள், இப்போது ஒரு நாள் என்பதை விரலைக் காட்டிச் சொன்னாலே போதும். பள்ளிக்கூடம் போகும் பையனை மொழிபெயர்க்க அழைத்துப் போக வேண்டாம். அவன் எதிரில் தாய் பாதியைத்தான் சொல்வாள்.